கிளுவை வேலி நின்றால் கள்ளிமுளையான் நிற்கும்

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சலுக்கென விட்ட நிலத்தில், கிளுவை முட்புதர் வேலியின் அடியில் கள்ளிமுளையான் செடி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உடல் எடை குறையும், சர்க்கரை இறங்கும் என்று சொல்லி ஆட்கள் வந்து ஒடித்துக்கொண்டு போகிறார்கள். பங்காளிகளோ வேலியையே எடுத்துவிட்டுக் கல்கால் நட்டுக் கம்பிவேலி போடலாம் என்கிறார்கள். காட்டில் இலவசமாக மரம் நட்டுத் தருவதாக ஒரு குழுவும் வந்து கேட்டிருக்கிறது. இந்த நிலையில், இருக்கிற செடிகளைத் தொட்டியில் வைத்துப் பெருக்கிக் காப்பாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் பெருக்கலாம், அது கடினமான வேலையும் இல்லை. ஆனால் உங்கள் காட்டில் கள்ளிமுளையான் அடுத்த தலைமுறைக்கு நிற்குமா என்பதை வேலிதான் தீர்மானிக்கும். ஒடித்துக்கொண்டு போகிறவர்களைவிடக் கம்பிவேலியும், கம்பிவேலியைவிட மரம் நடும் திட்டமும் இந்தச் செடிக்குப் பெரிய ஆபத்து என்பது என் கணிப்பு. கேட்பதற்கு இது தலைகீழாகத் தோன்றலாம் என்பதால், அந்தச் செடி எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பக்கம் கள்ளிமுளையான் என்று பரவலாகச் சொல்லப்படுவது கரலூமா அட்சென்டென்ஸ் என்ற தாவரம். பெயரில் கள்ளி இருந்தாலும் இது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. எருக்கு, வேலிப்பருத்தி, நன்னாரி ஆகியவற்றின் உறவு. ஒடித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். சதுரக்கள்ளியையோ திருகுகள்ளியையோ கீறினால் கண்ணில் பட்டால் எரிக்கும் வெண்பால் வடியும். கள்ளிமுளையானை ஒடித்தால் தண்ணீர் போன்ற தெளிந்த சாறுதான் கசியும். பால் வந்தால் அதை வாயில் வைக்கக்கூடாது என்ற ஒரே விதியை ஆடு மேய்க்கும் பிள்ளைகள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். இப்போது கைபேசியில் படம் பார்த்துவிட்டுப் பறிக்க வருகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. பிரண்டையோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. பிரண்டைக்கும் நான்கு பட்டை உண்டுதான். ஆனால் அது கணுக்கணுவாக இருக்கும், பற்றுக்கம்பி விட்டுப் படரும். கள்ளிமுளையான் மண்ணிலிருந்து நிமிர்ந்து, ஒரு முழம் உயரம் வரை, அடியில் விரல் பருமனாகவும் நுனி போகப் போக மெலிந்தும் நிற்கும். இலை என்று சொல்லத்தக்கது எதுவும் நிலைப்பதில்லை. பட்டையின் விளிம்பில் மிகச் சிறியதாக முளைத்து உதிர்ந்துவிடும். அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பல் போல எஞ்சும்.

வில்லியம் ராக்ஸ்பரோ இதைச் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் பெரிய நூலில், 1795-இல், வேறொரு பேரினத்தின் கீழ் வைத்து விவரித்தார். இந்த ஊர் மக்கள் இதன் சதைப்பற்றுள்ள தண்டுகளைப் பச்சையாகவே தின்கிறார்கள் என்பதை அப்போதே அவர் குறித்து வைத்திருக்கிறார். பின்னாளில் இதன் உறவினங்களாகப் பலரும் பல பெயர்களைச் சூட்ட, சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிரேவ்லியும் மயூரநாதனும் 1931-இல் இந்தியக் கரலூமாக்கள் அனைத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டு, அவற்றில் பலவற்றை அட்சென்டென்ஸின் உள்வகைகளாக அடக்கினார்கள். மெலிவு மாத்திரைப் புட்டிகளில் அச்சிடப்படும் ஃபிம்பிரியேட்டா என்ற பெயரும் அப்படி அடக்கப்பட்ட ஒன்றுதான். அதைத் தனி இனமாகவே கொள்ளும் வழக்கமும் தொடர்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அட்சென்டென்ஸ் உலக அளவில் அருகிய செடி என்று சொல்வது சரியாகாது. இந்தியாவின் வறண்ட பகுதிகள் பலவற்றிலும் இலங்கையிலும் அது இருக்கிறது. அருகிவருவது ஊருக்கு ஊர், காட்டுக்குக் காடு நடக்கும் இழப்பு. ஆனால் அதே பெயரில் அழைக்கப்படும் அதன் உறவுகள் சில உண்மையிலேயே குறுகிய இடத்துக்குள் வாழ்பவை. பருத்தி ஆராய்ச்சிக்காகக் கோயம்புத்தூரில் நெடுங்காலம் தங்கியிருந்த ராபர்ட் வைட் விவரித்த பௌசெரோசியா டிஃப்யூசா அவற்றில் ஒன்று. தண்டுகள் நெருங்கிப் பின்னிப் படுக்கையாகக் கிடக்கும், பூக்கள் நுனியில் கொத்தாக வரும். 2011-இல் கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து கரலூமா பைகலர் என்று இருநிறப் பூவுடைய புதிய இனம் ஒன்றே விவரிக்கப்பட்டது. ஆலைகளும் கல்லூரிகளும் நிறைந்த ஒரு பெருநகரத்தைச் சுற்றியுள்ள முட்காட்டில், 21-ஆம் நூற்றாண்டு வரை பெயரிடப்படாத ஒரு செடி இருந்திருக்கிறது. ஆகவே உங்கள் வேலியடியில் இருப்பது எது என்று தெரியாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பூக்கும் காலத்தில் பூவை நேர்மேலிருந்து ஒரு படமும், பக்கவாட்டில் ஒரு படமும், முழுத் தூரும் தெரிய ஒரு படமும் எடுத்து, பூவின் அருகே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால், பறிக்காமலேயே பெரும்பாலும் அடையாளம் காண முடியும். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுச் சொல்லத்தக்கவர்கள் அங்கு உண்டு.

பூவைச் சற்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். மழை பெய்து தண்டு பருத்த பிறகு, மெலிந்த நுனிப் பகுதியில்தான் பூ வரும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஐந்து இதழ்கள். சில வகைகளில் இதழின் விளிம்பில் மெல்லிய ஊதா மயிர்கள். காற்றே இல்லை என்று நாம் நினைக்கும் வேளையிலும் அந்த மயிர்கள் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கமும், அழுகலை நினைவூட்டும் லேசான வாடையும் ஈக்களுக்கான அழைப்பு. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் இதற்கு வேண்டியதில்லை. பூவின் நடுவில் மகரந்தம் தூளாக இல்லாமல் இரண்டு சிறு பொதிகளாக, ஒரு கிடுக்கியால் இணைக்கப்பட்டு வைக்கப்பட்டிருக்கிறது. உணவு தேடும் ஈயின் உறிஞ்சுகுழலோ கால்மயிரோ ஒரு குறுகிய பிளவில் சிக்கி, இழுத்துக்கொண்டு வெளிவரும்போது அந்தக் கிடுக்கி அதில் மாட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் அதேபோல் ஒரு பிளவுக்குள் அந்தப் பொதி சரியாக நுழைந்தால்தான் கருவுறும். இவ்வளவு பொருத்தங்கள் கூடிவர வேண்டியிருப்பதால், பூத்தவற்றில் மிகச் சிலவே காயாகின்றன. காய் ஆட்டுக் கொம்பு போல இணையாக, மெல்லியதாக, நிமிர்ந்து நிற்கும். முற்றி வெடித்ததும் எருக்கம் விதை போலவே பட்டு மயிர்க் கொத்தோடு விதைகள் காற்றில் பறந்துவிடும்.

பறந்த விதை எங்கே பிழைக்கிறது என்பதில்தான் உங்கள் வேலி வருகிறது. திறந்த சரளை நிலத்தில் விழும் விதை முளைத்தாலும், பங்குனி வெயிலில் மண்ணின் மேற்பரப்புச் சூடு அந்தச் சிறு முளையைக் கருக்கிவிடும்; தப்பினால் ஆட்டுக் குளம்பில் மிதிபடும். முட்புதரின் அடியில் விழுந்த விதைக்கு மட்டுமே அரை நிழலும், கொஞ்சம் இலைமக்கும், வாய்க்கும் காலுக்கும் எட்டாத மறைவும் ஒருசேரக் கிடைக்கின்றன. இப்படி ஒரு செடியைத் தன் அடியில் வளர்த்துவிடும் புதரைச் சூழலியலில் செவிலிச் செடி என்பார்கள். நம் பக்கம் அந்தச் செவிலி வேலையைக் கரடுகளில் சூரையும் காரையும் தொரட்டியும் செய்கின்றன; சமவெளியில் சங்கஞ்செடியும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளுவையும் செய்கின்றன. வளர்ந்த தூர் வெயிலைத் தாங்கும். அதன் தோல்துளைகள் பகலில் மூடி இரவில் திறப்பவை. இரவில் காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டே உணவு தயாரிக்கும். இவ்வகைச் செடிகளில் விடியற்காலையில் புளிப்பு மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் முளைவிட்ட முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் அந்தச் சிறு செடியிடம் சேமிப்பு எதுவும் இல்லை. அந்தக் காலத்தைக் கடக்க அதற்குப் புதர் வேண்டும்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கொறங்காடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெறும் மலைமறைவு நிலம் இது. செம்மண்ணும் சரளையும் கலந்த இந்த மேட்டுநிலத்தைப் பட்டா நிலமாக வைத்துக்கொண்டே, உழவுக்கு விடாமல் மேய்ச்சலுக்காகப் பல தலைமுறைகளாகப் பேணி வந்திருக்கிறார்கள். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல்லுக்கு ஓய்வு கிடைக்கும். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்த நிலத்தின் விளைச்சல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல மழை கண்டால் உழுது சோளமோ கம்போ தூவிப் புல்லைப் புதுப்பிப்பதும் உண்டு. ஏர் ஓடிய நடுப்பகுதியில் கள்ளிமுளையான் நிற்காது. ஏரும் போகாத, மாடும் நுழையாத இடம் வேலியின் அடி ஒன்றுதான். கரடுகள் குறைந்துகொண்டே வர, சமவெளியில் இந்தச் செடிக்கு எஞ்சியிருக்கும் வீடு பெரும்பாலும் இரண்டு மூன்று அடி அகலமும் பல பர்லாங் நீளமும் கொண்ட இந்த வேலிப் பட்டைதான்.

இனி கம்பிவேலிக்கு வருகிறேன். உங்கள் பங்காளிகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கங்களில் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நாம் பார்த்தவையே. இடைவெளி விழுந்த கிளுவை வேலி நாயைத் தடுக்காது. வேலி வெட்டிக் கட்ட ஆளும் கிடைப்பதில்லை. பாகம் பிரித்த நிலத்தில் யார் வேலியை யார் பார்ப்பது என்ற சிக்கலும் இருக்கிறது. ஆகவே கம்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளுவையை ஜேசிபி வைத்துத் தூரோடு வாங்கிவிட்டு அந்த இடத்திலேயே கம்பி போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்த இயந்திரம் ஒரு நாளில் வாரும் மண்ணில் கிளுவையும் சங்கஞ்செடியும் கள்ளிமுளையானும் அவற்றின் விதைகளும் சேர்ந்தே போகும். நாய்க்குத்தான் பயம் என்றால், வலைக்கம்பியை வேலிக்கு உட்புறம் நாலைந்து அடி தள்ளிப் போடுங்கள். வெளிப்புறம் முள், உட்புறம் கம்பி, நடுவில் யாரும் மிதிக்காத ஒரு பட்டை. பட்டிக்கு இது பழைய வேலியைவிடப் பாதுகாப்பு; செடிக்கோ இதைவிட நல்ல காப்பகம் அமையாது. எல்லைத் தகராறும் வராது. காரணம், பழைய வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. செலவு பங்காளிகள் போட்ட கணக்கைவிட அதிகமாகிவிடாது, இயந்திர வாடகை மிச்சம். நாலைந்து அடி மேய்ச்சல் போகிறதே என்று ஒருவர் சொல்வார். வேலியோரத்து மேய்ச்சல் எப்போதுமே அரைகுறைதான் என்பது அவருக்கும் தெரியும்.

வேலியில் விழுந்த இடைவெளிகளைக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டே அடைக்கலாம். மழைக்கு முன் நல்ல பருமனான போத்தாகப் பார்த்து ஊன்றினால் பிழைக்கும் என்பது ஊரில் பெரியவர்கள் எல்லோரும் அறிந்த முறை. கள்ளிமுளையான் தூர் இருக்கும் இடத்தில் மட்டும் குழி பறிக்காமல் ஓரடி தள்ளி ஊன்றச் சொல்லுங்கள். வேலியைக் கவாத்துச் செய்யும்போது ஒரே ஆண்டில் முழு நீளத்தையும் தரைமட்டத்துக்கு வெட்டாமல், பகுதி பகுதியாக வெட்டினால் அடியில் இருப்பவற்றுக்கு நிழல் ஒரேயடியாகப் போகாது. வெட்டிய முள்ளை அங்கேயே போட்டு எரிக்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். வேலியோரம் களைக்கொல்லி அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இலையில்லாத பச்சைத் தண்டு முழுவதுமே இதற்கு இலை என்பதால், மேலே பட்ட மருந்து நேராக உள்ளே போகும்.

மரம் நடும் குழுவுக்கு நீங்கள் மறுப்புச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து. அவர்கள் நல்ல மனதோடு வந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெயில் படும் நிலமெல்லாம் வெறுமையான நிலம் என்ற எண்ணம் அரசுக் கணக்குகளிலிருந்து தொடங்கி எல்லோர் மனதிலும் ஊறியிருக்கிறது. தேசியத் தரிசுநில வரைபடத்தில் புதர்நிலம் என்பதே தரிசின் ஒரு வகையாகத்தான் இடம்பெற்றிருக்கிறது. நம் வருவாய்க் கணக்கிலும் கரடும் முட்காடும் தீர்வை ஏற்பட்ட தரிசு, ஏற்படாத தரிசு என்ற தலைப்புகளில்தான் கிடக்கின்றன. கணக்கில் தரிசு என்று எழுதிய நிலத்தைப் பார்க்கிறவருக்கு அங்கே எதையாவது வைத்து நிரப்ப வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நெருக்கி நடும் குறுங்காடு என்றால் முதலில் நிலத்தைச் சுத்தம் செய்வார்கள், பிறகு குழி, எரு, சொட்டுநீர். வேம்பு, புங்கன் போன்ற உள்ளூர் மரங்களாகவே இருந்தாலும், ஐந்தாறு ஆண்டுகளில் விழும் அடர்நிழலில் கொழுக்கட்டைப்புல் போகும், அதோடு கள்ளிமுளையானும் போகும். தொடர்ந்து ஈரமாக இருக்கும் மண்ணில் இதன் தூர் அழுகிவிடும். உங்கள் காட்டில் ஏற்கனவே தள்ளித் தள்ளி நிற்கும் வெள்வேல மரங்களின் சன்னமான நிழல் வேறு. அது மாட்டுக்கும் புல்லுக்கும் பழகிய நிழல். அந்தக் குழுவுக்கு உண்மையாகவே உதவ விருப்பம் இருந்தால், சீமைக்கருவேலத்தைக் கையால் வெட்டித் தூர் பறிக்க ஆள்கூலி கொடுக்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்கும் ஜேசிபி வேண்டாம். சீமைக்கருவேலம் எது, வெள்வேல் எது, வெடத்தலை எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது, பெரும்பாலும் ஓட்டுகிறவருக்கும் தெரியாது.

பறிப்பவர்களைப் பற்றி. துவையலுக்குப் பறிப்பது இங்கே இன்று நேற்று வந்த பழக்கமில்லை. விளிம்பைச் சீவிவிட்டு, நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் புளியும் வைத்து அரைத்தால் கசப்பு அடங்கிவிடும். காட்டில் உப்பு மட்டும் தொட்டுக்கொண்டு தின்றவர்களும் உண்டு. வீட்டுத் தேவைக்கு எடுப்பதால் ஒரு நல்ல தூர் அழிந்துவிடாது. தூரைப் பிடுங்காமல், மண்ணுக்கு மேல் நாலு விரல் விட்டுக் கத்தியால் அறுத்து, ஒரு தூரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் விட்டால் அது மறுபடி தழைக்கும். பூ வந்த தண்டைத் தொடக்கூடாது. பூ நுனியில்தான் இருக்கிறது, காயாவதே சொற்பம் என்று முன்பு சொன்னேன். இளசாக இருக்கிறதே என்று நுனியைக் கிள்ளினால் அந்த ஆண்டின் விதை முழுவதும் போய்விடுகிறது.

மூட்டைக்கணக்கில் வாங்க வருகிறவர்கள் வேறு வகை. பசியைக் குறைக்கும் மாத்திரைகளுக்கான சாறு என்ற பெயரில் இதற்கு வெளிநாட்டிலும் சந்தை இருக்கிறது. பெங்களூரில் 50 பேரிடம் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஒரு கிராம் சாறு 60 நாள் எடுத்துக்கொண்டவர்களிடம் பசி உணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. ஆனால் உடல் எடையில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விளம்பரங்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து சாப்பிடுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். தென்னாப்பிரிக்கப் பகுதியில் இதேபோல் பசியடக்கும் செடியாகப் புகழ்பெற்ற ஹூடியாவை அளவின்றி வெட்டி ஏற்றுமதி செய்ததால், அதைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 2004-இல் சேர்க்க வேண்டி வந்தது. நம் கள்ளிமுளையானுக்கு அத்தகைய காவல் இல்லை. இருக்கிற காவல் இரண்டு. ஒன்று, பட்டா நிலத்தில் உங்கள் அனுமதியின்றி யாரும் அறுக்க முடியாது. மற்றொன்று 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். உள்ளூர் மக்களும் வைத்தியர்களும் தங்கள் தேவைக்கு எடுப்பதை அது தடுக்கவில்லை, ஆனால் வணிகத்துக்காக எடுக்கும் நிறுவனம் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வாங்க வருகிறவரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஊராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் கள்ளிமுளையானும் கிளுவை வேலியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். நாளை அந்தப் பக்கம் சூரியமின் பூங்காவோ மனைப்பிரிவோ வரும்போது, எழுத்தில் இருப்பதற்கு மட்டுமே ஏதேனும் மதிப்பு இருக்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியிருக்கும் கடவூர் மலைகளின் முட்காட்டைத் தேவாங்குக்கான சரணாலயமாக 2022-இல் அரசு அறிவித்தது. வறண்ட புதர்நிலத்துக்கும் அரசாணை பிறக்கும் என்பதற்கு அது பக்கத்திலேயே இருக்கும் சான்று.

தொட்டிக்கு வருகிறேன். வேலி நிலைத்த பிறகு, காப்பீடாகச் சில செடிகளை வீட்டில் வைத்திருப்பது நல்லதுதான். தண்டு அறுத்து வைப்பதானால், அறுத்த இடம் காய்ந்து தோல் கட்டும் வரை ஒரு வாரம் போல நிழலில் போட்டுவைத்து, பிறகு சரளையும் ஆற்றுமணலும் மிகுந்த மண்ணில் ஆழமில்லாமல் ஊன்ற வேண்டும். வேர்பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. கை சும்மா இருக்காதவர்களின் வீட்டில்தான் இந்தச் செடி அதிகம் அழுகுகிறது. ஒரே தூரிலிருந்து எத்தனை துண்டு எடுத்து வைத்தாலும் அவை அனைத்தும் மரபு வழியில் ஒரே செடிதான் என்பதை மறக்கக்கூடாது. ஆகவே வேலியில் ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நிற்கும் பல தூர்களிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தொட்டியில் எழுதி வையுங்கள். விதையிலிருந்து வளர்ப்பது இதைவிட மேல். கொம்புக் காய் வெடிக்கும் முன் மெல்லிய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டால் விதை பறக்காது. விதையைச் சேர்த்து வைக்காமல் புதிதாகவே தூவினால் சில நாட்களிலேயே முளைக்கும். பழையதானால் முளைப்பு விரைவில் குறைந்துவிடும். கிடைத்த காய்களில் பாதிக்கு மேல் எடுக்காமல் மீதியைக் காற்றுக்கே விடுங்கள். வளர்த்ததைத் திரும்ப நடும்போது வேறு ஊரிலிருந்து வாங்கிய செடியைக் கலக்காமல், உங்கள் வேலியில் எடுத்ததை உங்கள் வேலியிலேயே, புதரின் வடக்குப் பக்கத்திலோ கிழக்குப் பக்கத்திலோ, பிற்பகல் வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து, மழை தொடங்கும்போது வையுங்கள்.

இவற்றையெல்லாம் தொடங்கும் முன் ஒரு கணக்கு எடுத்துக்கொள்வது அவசியம். கோடையில் எடுக்க வேண்டாம். சித்திரை வெயிலில் தண்டு சுருங்கிப் பழுப்பு ஊதாவாகி, காய்ந்த குச்சி போலவே தோன்றும், இருப்பதையே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வேலியின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி நடந்து, ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் எத்தனை பெரிய தூர், எத்தனை ஒற்றைத் தண்டுக் குட்டி என்று இரண்டு பத்திகளாக எழுதுங்கள். இரண்டாவது பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரிய தூர்கள் நிறைய இருந்து குட்டியே இல்லையென்றால், அந்த வேலியில் பல ஆண்டுகளாக ஒரு விதையும் பிழைக்கவில்லை என்று பொருள்; பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும் அது முதியவர்கள் மட்டும் எஞ்சிய ஊர். அப்படியானால் பறிப்பதை நிறுத்தி, காய்க்கு விட்டு, புதரடியில் விதை தூவ வேண்டும். குட்டிகள் தெரிந்தால் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு: கம்பி உட்புறம் போடப்படும் நாளில் மட்டும் அங்கே நின்று, கல்கால் குழி எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.